ஒருநாள் மன்னர்

நகரம் என்பது யாது? அகன்ற வீதிகளும் உயர்ந்த மாடங்களும் மட்டுமே நகரம் ஆகமாட்டா. அவ்வீதிகளில் நடப்போரும் அம்மாடங்களின் நிழலில் வாழ்வோரும் சேர்ந்ததே நகரம். ஆதலின், நகரைத் திருத்த விரும்புவோர் முதற்கண் அந்நகர மக்களின் நெஞ்சத்தை அறிதல் வேண்டும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் பாட்ரிக் கெடிஸ் என்னும் பேரறிஞர்.

கெடிஸ் 1854 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், தாவரநூற் பேராசிரியர். செடியின் வளர்ச்சியை அறிய வேண்டுமாயின், அது வேரூன்றிய மண்ணை அறிய வேண்டும் என்பது அவர் கற்ற பாடம். நகரங்களையும் அவர் அவ்வாறே நோக்கினார். எடின்பரோவின் பழைய பகுதியில் ஏழை மக்கள் இருளடைந்த வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். அப்பகுதியைத் திருத்த எண்ணிய கெடிஸ், தொலைவில் இருந்து ஆணையிட்டாரல்லர். 1886 ஆம் ஆண்டில் மனைவியாருடன் அங்கேயே குடிபுகுந்தார். சுவர்களுக்குச் சுண்ணம் பூசினார். வெற்றிடங்களில் செடிகள் நட்டார். அண்டை வீட்டாரும் அப்பணியில் கைகொடுத்தனர்.

1914 ஆம் ஆண்டில் அவர் இந்தியாவுக்கு அழைக்கப்பட்டார். நகரங்களின் வரலாற்றைப் பொதுமக்கள் கண்டு தெளியுமாறு படங்களும் வரைபடங்களும் கொண்ட பெரிய கண்காட்சி ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். அதனை ஏற்றிவந்த கப்பலை, சென்னையின்மீது குண்டு வீசிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலுள் மறைந்தது. எனினும் கெடிஸ் சோர்ந்திலர். நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் அக்கண்காட்சியை மீண்டும் நடத்தினார்.

பின்னர், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் தெருக்களில் அவர் கால்நடையாகச் சுற்றினார். அந்நாளில் நகரைத் திருத்துவோர் வரைபடத்தின்மேல் நேர்கோடு ஒன்றை இழுப்பர். அக்கோட்டில் அமைந்த வீடெல்லாம் இடிக்கப்படும். வீடிழந்த ஏழைகள் அடுத்த தெருவிற் போய் நெருங்குவர். நெருக்கடி தீர்வதில்லை, இடம் மாறுவதே நிகழும். கெடிஸ் இம்முறையைக் கண்டித்தார். திறமைமிக்க மருத்துவன் நோயுற்ற பகுதியை மட்டும் அறுத்து உடலைக் காப்பான். அவ்வாறே, பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, காற்றும் ஒளியும் புக வழிசெய்து, கோயிலையும் கிணற்றையும் நிழல்மரத்தையும் காக்க வேண்டும் என்றார்.

முதல் உலகப்போர் நடந்த காலத்தில் இந்தூர் நகரைத் திருத்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்தது. கையில் வரைபடத்துடன் அவர் தெருத்தெருவாக நடந்தபோது மக்கள் அஞ்சினர். கொள்ளைநோயைக் கொண்டுவரும் கிழவர் இவரே எனத் தம்முள் பேசிக்கொண்டனர். அவர் பின்னே வீடிடிப்போர் வருவர் என்பதே அவர்கள் கவலை. இவ்வச்சம் நீங்காதவரை எத்திட்டமும் பயன்படாது என்பதைக் கெடிஸ் உணர்ந்தார். ஒருநாள் தம்மை மன்னராக்குமாறு அரசரிடம் வேண்டினார்; இசைவும் பெற்றார்.

தீபாவளி நெருங்கிற்று. இந்துக்களின் ஊர்வலத்துக்கும் முஸ்லிம்களின் ஊர்வலத்துக்கும் அந்நகரில் வழக்கமான வீதிகள் இருந்தன. கெடிஸ் அவ்விரண்டையும் விடுத்தார். எத்தெருவில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுள்ளனவோ, அத்தெரு வழியே ஊர்வலம் வரும் என அறிவித்தார். குப்பைகளைக் கட்டணமின்றி அகற்றவும் ஏற்பாடு செய்தார். உடனே நகரெங்கும் ஊக்கம் பிறந்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது, வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன.

ஊர்வலமும் வந்தது. அழுக்கே அரக்கனாக உருக்கொண்டு வந்தான். கொள்ளைநோய் பரப்பும் எலி பேருருவத்தில் வந்தது. திருமகளும் எழுந்தருளினாள். துப்புரவுத் தொழிலாளர் வெள்ளாடை உடுத்து, புதிய துடைப்பங்களை ஏந்தி, சிறப்புடன் நடந்தனர். நாளும் நகரைக் காத்தும் ஒருநாளும் மதிக்கப்படாதவர்க்கு அன்று மதிப்புக் கிடைத்தது. புதிய நகரின் மாதிரி உருக்களும் உடன் சென்றன. துளசிச் செடிகள் மக்களுக்கு வழங்கப்பட்டன. இறுதியில் அரக்கனும் எலியும் தீக்கு இரையாயினர். அஞ்சி ஒதுங்கிய மக்கள் இப்போது அன்புடன் அவரை நோக்கினர்.

இந்நாளில் மேம்பாலம், தொடர்வண்டிப் பாதை, சந்தை எனப் பெருந்திட்டங்கள் பல எழுகின்றன. நிலம் எடுக்குமுன் மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டம் நடத்த வேண்டும் என 2013 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பொதுவிதியாக வகுத்துள்ளது. ஆனால், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கருத்தைக் கேட்பது வெறுஞ் சடங்கே ஆகும். கேட்பதற்குச் செவியும், கேட்டபின் கோட்டை மாற்றி வரைவதற்கு மனமும் வேண்டும். மக்களுக்கும் கடமை உண்டு. பிறர் வந்து திருத்துவர் எனக் காத்திராமல் தத்தம் வாயிலை அவர்களே தூய்மை செய்தல் வேண்டும்.

மன்னராகக் கெடிஸ் ஆண்டது ஒருநாளே. அந்நாளில் அவர் ஒரு வீட்டையும் இடித்திலர். அச்சம் என்னும் சுவரையே இடித்தார். அச்சுவர் வீழ்ந்த இடத்திலேதான் நல்ல நகரம் எழும்.