இன்னொரு ஜான்சி ராணி

பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் மாறுவேடப் போட்டி. வெளியே கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. மண்டபத்துக்குள் ஒரு பாட்டி, பேத்தியை ஜான்சி ராணியாக்கிக்கொண்டிருக்கிறார்.

அட்டை வாளுக்கு வெள்ளித்தாள் ஒட்டியாகிவிட்டது. வாடகை நகை கழுத்தை அரிக்க, பிள்ளை நெளிகிறாள். பொம்மையை அவள் முதுகில் வைத்துத் துப்பட்டாவால் கட்டுகிறார் பாட்டி. ரப்பர் பால் வாளி தூக்கிப் பழகிய கை. ஒரே இழுப்பில் முடிச்சு இறுகுகிறது.

மேடையில் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கிறாள்: 1857, வெள்ளைக்காரன், குதிரை, குவாலியர். 1858 ஜூனில் ராணி வீழ்ந்ததுபோல் தானும் விழுகிறாள். முடிச்சு அவிழவில்லை. கைதட்டல்.

"எங்க பெரியம்மாவும் ஜான்சி ராணிதான்," என்கிறார் பாட்டி, பக்கத்துப் பெண்ணிடம். "ஜப்பான்காரன் காலத்துல முடிய வெட்டிக்கிட்டு, சிலுவார் போட்டுக்கிட்டுப் போச்சாம்."

அந்தப் பெண் கைப்பேசியிலிருந்து நிமிர்கிறாள்.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி பெண்கள் படைக்கு ஆள் கேட்டார். ஜான்சி ராணியின் பெயரையே அதற்கு வைத்தார். சென்னையில் பிறந்த மருத்துவர் லட்சுமி தலைமையேற்றார். அக்டோபர் 22-இல் முகாம் திறந்தது. சேர்ந்தவர்களில் பலர் பால்மரத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்த்தே இராதவர்களும் இருந்தார்கள். ரப்பர் வியாபாரம் படுத்து, லயங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறான நேரம். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போயிருந்தான் ஜப்பான்காரன். போனவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவில்லை. ஆணைவிடக் குறைந்த கூலிக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்ற பெண்கள், துப்பாக்கியோடு அணிவகுப்பில் நின்றார்கள். பர்மா வரை போனார்கள். இம்பால் போர் தோற்றதும் படை பின்வாங்கியது. 1945-இல் ரங்கூனிலிருந்து பாங்காக்கை நோக்கி, விமானக் குண்டுக்குப் பகலில் பதுங்கி, இரவில் நடந்தார்கள்.

"சண்டை போட்டாங்களா, பாட்டி?"

"நடந்தே வந்துச்சாம். வந்து மறுபடியும் இதே தோட்டத்துல பால் வெட்டுச்சு."

"அப்ப போயி என்ன பிரயோசனம்?"

பாட்டி வெற்றிலையை மென்று முடிக்கிறார்.

"தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணிக்கு முன்னால எல்லாரும் தலை குனிஞ்சு நிப்பாங்க. பெரியம்மா மட்டும் அவரு கண்ணப் பார்த்துக் கணக்குக் கேக்கும். அதுக்கே ரெண்டு தடவ வேலையிலேருந்து நிறுத்திட்டாங்க."