அலவத்துகொட வழியும் பழைய மோட்டார் வண்டியும்

கண்டி நகரை விட்டு வடக்கே புறப்படும் ஏ9 நெடுஞ்சாலை, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, பிங்கா ஓயாவின் கரையை ஒட்டி அக்குறணைக் கடைவீதிக்குள் நுழைகிறது. கடைகளின் நெருக்கம் குறைந்து, மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் பலாவும் கமுகும் இருபுறமும் நிழல் பரப்பத் தொடங்குமிடத்தில் அலவத்துகொட என்னும் சிற்றூர் எதிர்ப்படுகிறது. அதற்கப்பால் பலகடுவக் கணவாய். கொண்டையூசி போன்ற வளைவுகளில் ஏறியிறங்கினால் மாத்தளை. கண்டியிலிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 26 கிலோமீற்றர்தான். ஆயினும் அந்தத் தூரத்துக்குள் மோட்டார் வண்டியின் வலிமையும் நோயும் இரண்டுமே வெளிப்பட்டுவிடும்.

இவ்வழிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. 1880ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மாத்தளைப் புகையிரதப் பாதை வத்தேகாமம், உக்குவளை வழியாகச் சுற்றிச் செல்கிறது. ஆதலால் அக்குறணைக்கும் அலவத்துகொடவுக்கும் தெருவே துணை. காப்பித் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாக வந்த நம் மக்களின் துயரத்தை நினைப்போர்க்கு, வண்டியில் அமர்ந்து இம்மலைகளைப் பார்ப்பதே ஒரு பேறாகத் தோன்றும். அந்த வண்டி ஒழுங்காக ஓடினாலன்றோ!

நம் நாட்டில் பழைய வண்டிகள் நீண்ட ஆயுள் பெற்றமைக்குக் காரணம் ஆசை மட்டுமன்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைப் பேணுவதே வழியாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்களைப் போல, மலைநாட்டில் மொறிஸ் மைனரை இன்றும் காணலாம். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1971 வரை 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட வண்டி அது. அதன் தகடுகளும் உறுப்புகளும் நம் காலி நகரிலே செய்யப்பட்டு, பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன என்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கலாம்.

நம்முடைய நண்பர் ஒருவரிடம் அத்தகைய மொறிஸ் மைனர் ஒன்று உண்டு. தந்தையார் விட்டுச்சென்றது. வாரந்தோறும் தம் துணைவியாரைக் கண்டி வைத்தியசாலைக்கு அவர் அதில்தான் அழைத்துச் செல்கிறார். சில மாதங்களாக அவ்வண்டி நின்ற நிலையில் ஓடும்போது குலுங்கும். புகைபோக்கியில் 'புப், புப்' என்று விட்டுவிட்டு ஓசை கேட்கும். ஏற்றத்தில் பெருமூச்சு வாங்கும். நகரத்து வேலைத்தலம் ஒன்றில், எஞ்சின் முழுவதையும் கழற்றிப் பழுது பார்க்க வேண்டுமென்று பெருந்தொகை கேட்டார்கள். அது அவருடைய பல மாத ஓய்வூதியம். வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாமா என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. அந்நிலையில்தான், மாத்தளைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அலவத்துகொடவில் தெருவோரக் கராஜ் ஒன்றின் முன் வண்டியை நிறுத்தினோம்.

கராஜ் நடத்துபவர் அறுபதைக் கடந்த ஒரு நானா. அவர் செய்த பரிசோதனையை விளங்கிக்கொள்ள, எஞ்சினின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். நான்கு உருளைகளுள் ஒவ்வொன்றும் காற்றும் பெற்றோலும் கலந்த ஆவியை உறிஞ்சி, அழுத்தி, தீப்பொறியால் எரித்து, புகையை வெளியேற்றுகிறது. எஞ்சின் இரு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வோர் உருளையும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் மெதுவான ஓட்டத்திலே, நான்கு உருளைகளுக்குமாக விநாடிக்கு 20 பொறிகள் வேண்டும். மொறிஸ் மைனரில் அவ்வெடிப்பின் ஒழுங்கு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஓர் உருளை தவறினால் தாளம் கெடும். வேகமாக ஓடும்போது சுழற்சியின் உந்துதல் அக்குறையை மறைத்துவிடும். நிற்கும்போதும் மலையேறும்போதும் மறைக்க இயலாது.

எரிய வேண்டுவன மூன்று: அளவான கலவை, போதிய அழுத்தம், தக்க தருணத்தில் பொறி. இம்மூன்றனுள் எது இல்லை என்று கண்டறிவதே வைத்தியம்.

நானா முதலில் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டுச் சற்றுநேரம் செவிகொடுத்தார். பின்னர் இறப்பர்ப் பிடியிட்ட குறட்டினால் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார். முதலாவதை நீக்கியதும் ஓட்டம் தளர்ந்தது. ஆகவே அவ்வுருளை வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டாவதும் நான்காவதும் அவ்வாறே. மூன்றாவதை நீக்கியபோது ஓசையில் எவ்வித மாற்றமும் இல்லை. உழைப்பவன் விலகினால்தான் வேலை தடைப்படும். உறங்குபவன் எழுந்து போனால் யாருக்குத் தெரியும்?

"சேர், மூணாம் நம்பர் மட்டும் வேல செய்யுதில்ல. ஏன் எண்டு பாப்போம்" என்றார்.

அடுத்து, மூன்றாம் பிளக்கையும் இரண்டாம் பிளக்கையும் இடம் மாற்றிப் பூட்டினார். பிளக் கெட்டிருந்தால் குறையும் அதனுடன் இரண்டாம் உருளைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பிறகு பிளக்குகளை எல்லாம் கழற்றி, கொயிலின் நடுக் கம்பியையும் அகற்றி, துவாரங்களைப் பெருவிரலால் மூடி எஞ்சினைச் சுழற்றச் செய்தார். மூன்றாவதிலும் மற்றவை போலவே காற்று விரலைத் தள்ளியது. அழுத்தமானியும் அதையே காட்டியது. நண்பரின் முகம் அப்போதுதான் தெளிந்தது. அழுத்தம் இருக்கிறதென்றால் எஞ்சினைத் திறக்கும் தேவையே இல்லை!

எஞ்சியது பொறி வரும் வழி. பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ரிபியூட்டரின் கறுப்பு மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றாம் முனையிலிருந்து விளிம்பு வரை, மயிரிழை போன்ற ஒரு கரிக்கோடு. பிளக்குக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் அக்கோட்டின் வழியே எஞ்சினின் இரும்புக்குள் ஒழுகிப்போய்க்கொண்டிருந்தது. மலைப்புறத்துப் பனியின் ஈரம் அவ்வொழுக்கை இன்னும் எளிதாக்கும். தட்டிலிருந்து வேறொரு மூடியை எடுத்துத் துடைத்துப் பூட்டினார். எஞ்சின் சீராகப் பாடிற்று. மூடிக்கும் உழைப்புக்கும் அவர் வாங்கிய கூலி, நகரத்தில் கேட்ட தொகையில் ஒரு சிறு துளி. பலகடுவ ஏற்றத்தை அன்று வண்டி தளராமல் ஏறியது.

எல்லா வண்டிக்கும் இதே நோயன்று. பிளக்கின் நிறம் பல செய்தி சொல்லும். பிஸ்கட் நிறமானால் சுகம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. எண்ணெய் நனைந்திருந்தால் வளையங்களோ வால்வு வழியோ தேய்வு. வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு அல்லது மிகைச் சூடு. மெதுவாக ஓடும்போது மட்டும் குலுங்கி, வேகத்தில் சீரானால், கார்புரேற்றருக்குக் கீழே எங்கோ காற்றுக் கசிவதாக ஐயுறலாம். அழுத்தம் குறைந்த உருளையில் சிறிது எண்ணெய் விட்டபின் அழுத்தம் உயர்ந்தால் வளையங்கள் தேய்ந்தவை. உயராவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். 2002 முதல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் விற்கப்படுவதில்லை. ஈயத்தின் காப்பை நம்பிச் செய்யப்பட்ட பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடம் மெல்லத் தேய்வதுண்டு. ஆதலின் வால்வு இடைவெளியை அடிக்கடி அளத்தல் நன்று. நுவரெலியா போன்ற 1,868 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையிலுள்ளதில் ஐந்தில் நான்கு பங்கே; அங்கே ஏறும் பழைய வண்டி கரும்புகை விட்டால் அது நோயன்று, காற்றின் குறை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிளக் கம்பியில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட், வெறுங்கையால் தொடலாகாது. மின்னணு முறையில் பொறி தரும் இக்காலக் கார்களில் கம்பியை இழுத்துப் பார்த்தால் விலையுயர்ந்த கருவிகள் கெடும். அவற்றில் எந்த உருளை தவறுகிறது என்பதைக் கணினியே சொல்லிவிடுகிறது. ஆனால் ஏன் தவறுகிறது என்பதை அங்கும் மனிதனே ஆராய வேண்டியிருக்கிறது.

தவறும் உருளைக்குள் சென்ற பெற்றோல் எரியாமலே வெளியேறுகிறது. 2022இல் பெற்றோலுக்காக வரிசையில் காத்து நின்ற குடும்பங்களுக்கு அந்த வீணின் விலையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மாணவச் செல்வங்களே! விஞ்ஞான பாடத்தில், ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைத்துப் பார் என்று படிக்கிறீர்கள். அலவத்துகொட நானா ஆய்வுகூடம் எதிலும் படித்தவரல்லர். அந்த நெறியிலிருந்து ஓர் அடியும் பிறழவில்லை. செலவில்லாத சோதனை முதலில், சிறு செலவு அடுத்து, பெருஞ்செலவு கடைசியில் என்பது அவர் கைக்கொண்ட முறை. மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசிக்கவோ அலுவிகாரை காணவோ இவ்வழியே செல்லும் குடும்பத்தினர், புறப்படுமுன் வண்டியை ஒரு நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டுச் செவிகொடுப்பார்களாக. நோயை அது தன் மொழியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கும்.