கல்லில் ஏறியதைச் சொல்லவில்லை

வண்டி என்னுடையது இல்லை. மைத்துனன் சிங்கப்பூரில் இருக்கிறான். 'சும்மா நின்னா கெட்டுப்போயிடும், நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க அத்தான்' என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போன கார். இதை முதலில் சொல்லிவிடவேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் பொய் சொன்னேன் என்பது விளங்காது.

குறுவை அறுவடை நேரம். அந்த நாட்களில் டெல்டாவில் ரோட்டில் பாதி களம்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். மழைக்கு நடுவே வெயில் தலைகாட்டினால் தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்காமல் விவசாயி என்ன செய்வான்? வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பார்கள். ராத்திரி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினாலும் கல் அங்கேயே கிடக்கும். அப்படி ஒரு ராத்திரி குடவாசலிலிருந்து நாச்சியார்கோவில் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. யாரென்று குனிந்து பார்த்தேன். இடதுபக்க முன்சக்கரம் கல்லில் ஏறி 'டங்'கென்று இறங்கியது. நிறுத்தவில்லை. நெல்லுக்கு ஏதாவது ஆனதா என்று பார்க்கவும் இல்லை. வீட்டு வாசலில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வீல் கப்பில் கீறல், டயரில் காற்று இருந்தது. அதோடு அதை மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

ஊருக்குள் ஓட்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கும்பகோணத்துத் தெருக்களில் நாற்பதைத் தொட்டாலே பெரிய விஷயம். தாராசுரம், பாபநாசம், அய்யம்பேட்டை என்று ஊர் ஊராக நின்று போகும் பழைய தஞ்சாவூர் ரோட்டிலும் அப்படித்தான். என்னைக் காட்டிக்கொடுத்தது விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்கு வழிச் சாலை. 2025 ஜூலையில் அதன் சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதியைத் திறந்தார்கள். (கங்கைகொண்ட சோழபுரம் இல்லை, திருப்பனந்தாள் போகிற வழியில் இருக்கும் நம்ம சோழபுரம்.) அந்த ரோட்டில் 75ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கியது. 85இல் டேஷ்போர்டில் இருந்த விபூதிச் சம்புடம் தாளம் போட்டது. நூறைத் தாண்டியபோது கொஞ்சம் அடங்கியது. சின்னக் காரின் சக்கரம் 80 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்குச் சுமார் 12 முறை சுற்றும். சஸ்பென்ஷனோடு சேர்ந்த சக்கரம் தானாகக் குதிக்கிற வேகமும் ஏறக்குறைய அதுதான். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில்தான் ஆட்டம் அதிகம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

வழக்கமான பட்டறைத் தம்பி கேள்வி கேட்பதில் கெட்டிக்காரன். "எந்த ஸ்பீடுலண்ணே? பிரேக் புடிக்கும்போதா, சும்மா போகும்போதா? ஸ்டியரிங் ஆடுதா, சீட்டு ஆடுதா?" பிரேக்கில் மட்டும் ஆடினால் டிஸ்க்கைப் பார்க்கவேண்டும். ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட்டு ஆடினால் பெரும்பாலும் பின்சக்கரம். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்ட். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "எங்கயாச்சும் பள்ளத்துல கிள்ளத்துல அடிச்சீங்களா?" என்றான்.

"இல்லையே."

மைத்துனனும் அவனுக்குப் பழக்கம். போனில் பேசும்போது சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான். அதற்கு மேலும் ஒன்று செய்தேன். வண்டிக்கே வயசாகிவிட்டது என்று தோன்றட்டும் என, "நின்னுக்கிட்டிருந்தாலும் அதிருதுப்பா" என்று இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

பாவம், அவன் நான் சொன்னதை நம்பி வேலை பார்த்தான். டயர் கடையில் வீல் பேலன்சிங் செய்துவரச் சொன்னான். ஈயக் கட்டை ஒட்டியதும் மெஷின் பூஜ்யம் காட்டியது. மெஷின் கணக்குப் பார்ப்பது எடையைத்தான். ரிம் கோணிக்கொண்டிருந்தால் எடை சரியாக இருந்தாலும் ஓட்டத்தில் ஆடும். சுற்றும்போது கண்ணுக்கே தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். வளைவு உள்பக்க விளிம்பில், கடையில் அன்றைக்குக் கூட்டம் வேறு. ஆட்டம் நிற்கவில்லை. லோயர் ஆர்ம் புஷ் மாற்றினான். நின்றாலும் அதிர்கிறது என்று நான் சொல்லியிருந்தேனே, அதற்காக இன்ஜின் மவுண்டிங்கும் மாற்றினான். பில்களை வாட்ஸ்அப்பில் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். 'வண்டிக்கு வயசாயிடுச்சு போல, பாத்துச் செய்யுங்க அத்தான்' என்று பணம் வந்தது.

இதில் எது கேவலம் என்று கேட்டால் பணத்தைச் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று, "அந்தப் பையன் ஒண்ணொண்ணா மாத்திக் காசு புடுங்குறான் சார்" என்றேன். கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

தஞ்சாவூரில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதுவும் கேட்கவில்லை, தானே ஓட்டினார். 85இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளினார். இன்ஜின் சத்தம் இறங்கியது, ஆட்டம் இறங்கவில்லை. "இன்ஜின் இல்ல," என்றார். பட்டறையில் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, உள்பக்க விளிம்புக்கு ஒரு நூல் தள்ளி ஸ்குரூடிரைவர் முனையை அசையாமல் பிடித்தார். இடைவெளி விரிந்தது, குறுகியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'சர்ரக்' என்று உரசியது.

"கல்லுல ஏறியிருக்கு," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. "ஆமாங்க" என்றேன்.

இரும்பு ரிம், அதனால் அடித்து நிமிர்த்த முடிந்தது. அலாய் என்றால் விரிசல் விட்டிருக்கலாம் என்றார். நிமிர்த்தி, மறுபடி பேலன்சிங் செய்து, ஆட்டம் போய்விட்டது. கூலி, மவுண்டிங் விலையில் சொற்பம்.

புஷ்ஷுக்கும் மவுண்டிங்குக்கும் வாங்கிய பணத்தை மைத்துனனுக்குத் திருப்பி அனுப்பிக் காரணத்தையும் எழுதினேன். சிரிக்கிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அதன் பிறகு அவன் வண்டியைப் பற்றிப் பேசுவதில்லை. பட்டறைத் தம்பியிடமும் போய்ச் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா அரை நாள் வேலைண்ணே," என்று சொல்லிவிட்டு வேறு வண்டிக்கு அடியில் போய்விட்டான். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தப் பையன் மேல் தப்பே இல்லை என்றேன். "அப்படியா சார்?" என்றார். "நான் அப்பவே வேற பட்டறைக்கு மாறிட்டேன். இவரும் நல்லாத்தான் செய்யுறாரு."