பத்துப் பேருக்காக ஒரு டேப்

மேக் என்ற கருவிக்கு வேலை சொல்லும் கோப்பான மேக்ஃபைலை எழுதத் தொடங்குகிற எவரும் சீக்கிரமே ஒரு திட்டு வாங்கிவிடுவார்கள்: "மிஸ்ஸிங் செப்பரேட்டர். ஸ்டாப்." பிரிப்பான் ஏதோ இல்லையாம், அதனால் நிறுத்திக்கொண்டதாம். கோப்பின் பெயரும் வரி எண்ணும் முன்னால் இருக்கும். அந்த வரிக்குப் போய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒரு குறையும் தெரியாது. எழுத்துகளெல்லாம் சரியாகத்தான் இருக்கும். கோளாறு எழுத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில். கட்டளை வரி டேப்பில் தொடங்கவேண்டும். நாம் ஸ்பேஸ் தட்டியிருப்போம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. லினக்ஸில் கேட் கட்டளையை, மறைந்திருப்பதையெல்லாம் காட்டச்சொல்லி ஓட்டினால் டேப் இருக்கிற இடத்தில் ஒரு கூரைக்குறியும் ஆங்கில 'ஐ' எழுத்தும் தலைநீட்டும், வரி முடிகிற இடத்தில் டாலர் குறி நிற்கும். கூரைக்குறி இல்லாத வரிதான் திருடன். கண்டுபிடித்து டேப்பை அழுத்தினால் எல்லாம் ஓடும். போன பொழுது போனதுதான்.

மென்பொருள் அலுவலகங்களில் இதற்கு ஒரு தலபுராணம் சொல்வார்கள். நான் கேட்டது இப்படி:

"ஏன் சார் இது டேப்தான் வேணும்னு அடம்பிடிக்குது?"

"எழுதினவருக்கே அது பிடிக்கலைப்பா. மாத்தலாம்னு நினைச்சப்போ ஏற்கெனவே பத்துப் பேர் அதை உபயோகிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டார்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இத்தனை கச்சிதமாக முடிகிற கதையை அப்படியே நம்ப மனம் வரவில்லை. பத்துப் பேர் என்ற முழு எண்ணே சந்தேகத்தைக் கிளப்பியது. நம் தொழிலில் இப்படிப் பல கதைகள் யாரோ இட்டுக்கட்டி, காது மூக்கு வைத்து உலவவிட்டவை. இது எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதலில் திட்டுகிறவரையே விசாரித்தேன். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் குனூ மேக்கின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. மேக்ஃபைலைப் படிக்கும் பகுதியில் அந்தப் பிழைச்செய்தி இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் எட்டு ஸ்பேஸ் இருக்கிறதா என்று நிரல் சோதிக்கிறது. இருந்தால் செய்தி கொஞ்சம் நீள்கிறது: எட்டு ஸ்பேஸுக்குப் பதிலாக டேப் போட நினைத்தீர்களா என்று கேட்கிறது. கேட்டுவிட்டு, நிறுத்திவிடுகிறது! நாம் என்ன நினைத்தோம் என்பது அதற்குத் தெரிகிறது, இருந்தும் செய்யமாட்டேன் என்கிறது. ஏழு ஸ்பேஸ் வைத்தவருக்கு அந்தக் கேள்விகூடக் கிடையாது. இன்றைய எடிட்டர்கள் பலவும் நான்கு ஸ்பேஸ்தான் வைக்கின்றன என்பதால், உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கு வெறும் திட்டு மட்டுமே மிஞ்சுகிறது.

குனூ கையேட்டைப் புரட்டினேன். விவரமறியாதவர்களை இது மாட்டிவிடும் என்று அதுவே ஒப்புக்கொள்கிறது, காரணம் சொல்லவில்லை. இன்னும் பின்னால் போனால், மேக்கை உருவாக்கிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1979-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை. அதில் டேப் சர்வசாதாரணமாக வருகிறது: கட்டளையை அரைப்புள்ளி போட்டு அதே வரியில் எழுதலாம், அல்லது அடுத்த வரியில் டேப் வைத்து எழுதலாம். அதாவது டேப்பே இல்லாமல் தப்பிக்க ஒரு சந்து ஆதியிலேயே இருந்திருக்கிறது. அதில் போகிறவர்தான் குறைவு.

பத்துப் பேர் கதை எழுத்தில் எனக்குக் கிடைத்தது 1994-ல் வந்த ஒரு வசைநூலில். யூனிக்ஸை வெறுப்பவர்களுக்கான கையேடு என்றே அதற்குப் பெயர். சிம்சன் கார்ஃபிங்கல், டேனியல் வைஸ், ஸ்டீவன் ஸ்ட்ராஸ்மன் மூவரும் தொகுத்தது. யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே அதற்கு ஓர் எதிர்முன்னுரை எழுதிக்கொடுத்தார். வசவை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்கிற பெருந்தன்மை. டேப் விவகாரத்தைப் பொரிந்து தள்ளும் அந்த நூல், ஃபெல்ட்மன் ஏற்கெனவே பத்துப் பேர் இருந்ததால் திருத்தாமல் விட்டார் என்று சொல்கிறது. ஆனால் 'கர்ண பரம்பரையாக' என்ற தோரணையில்தான் சொல்கிறது. வைவதற்கென்றே எழுதிய புத்தகத்தைச் சாட்சிக்கூண்டில் எப்படி ஏற்றுவது?

விடை 2003-ல் வந்த வேறொரு புத்தகத்தில் இருந்தது. எரிக் ரேமண்ட் யூனிக்ஸ் நிரலாக்கக் கலை பற்றி எழுதிய அந்த நூலில், மேக் பிறந்த கதையை ஃபெல்ட்மனே சொல்கிறார்.

இடம் நியூஜெர்சியின் மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடம். ஆண்டு 1976. ஸ்டீவ் ஜான்சன் என்ற சகா ஃபெல்ட்மனின் அறைக்குள் விதியைச் சபித்துக்கொண்டே நுழைகிறார். சாதாரண ஆளல்ல, யாக், லின்ட் போன்ற கருவிகளை எழுதியவர். அவர் அன்று காலைப்பொழுது முழுவதையும் சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடித் தொலைத்திருந்தார். பிழையைத் திருத்தியது உண்மை. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை, அவ்வளவுதான். பழைய நிரலே திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனும் இதே குழியில்தான் விழுந்து எழுந்திருந்தார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது, எது எதைவிடப் புதியது என்று பார்த்து, வேண்டியதை மட்டும் மறுபடி கட்டித்தரும் ஒரு கருவி இருந்தால் என்ன? பெரிய திட்டமாகத் தொடங்கிய யோசனை சுருங்கிச் சுருங்கி, அந்த வார இறுதியிலேயே மேக் ஆகிவிட்டது.

ஒரு நிரலாளரின் வீணாய்ப்போன காலையை மீட்கப் பிறந்த கருவி, அதன் பிறகு எத்தனை நிரலாளர்களின் காலையை விழுங்கியிருக்கிறது என்று நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மேக்கை வைத்து வேண்டுமென்றே செய்த சிரிப்புகளும் உண்டு. ஆங்கிலத்தில் அதன் பெயருக்குப் பக்கத்தில் 'லவ்' என்று தட்டினால், காதல் செய்யத் தெரியாது, நிறுத்துகிறேன் என்று பழைய யூனிக்ஸ் பதில் சொல்லும். டேப் யாரும் திட்டமிடாத நகைச்சுவை, அதனால்தான் ஐம்பது வருடமாகத் தாக்குப்பிடிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, டேப் ஏன்? அப்போது யாக் புதிது, லெக்ஸ் அதைவிடப் புதிது. இரண்டையும் தொட்டதில்லை, கற்றுக்கொள்ள இது ஒரு சாக்கு என்று ஃபெல்ட்மன் நினைத்தார். உரையைத் துண்டு துண்டாகப் பிரித்தறியும் லெக்ஸில் முதல் முயற்சியிலேயே சிக்கிக்கொண்டார். சிக்கலை அவிழ்க்க, புதுவரி, உடனே டேப் என்ற எளிய அடையாளத்தை வைத்தார். வேலை செய்தது. விட்டுவிட்டார். சில வாரங்களில் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்கள் எழுதிவைத்ததைக் கெடுக்க மனம் வரவில்லை.

ஆக, கதை மெய். எண் மட்டும் பத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டுக்கு நகர்கிறது. வழக்கமாக வாய்வழிக் கதையில் எண்கள் ஊதிப்போகும், இதில் இளைத்திருக்கிறது. இருபத்தேழு ஆண்டு கழித்துச் சொன்ன நினைவுதானே என்று வக்கீல் வாதம் செய்யலாம். தன்னைக் கெட்டிக்காரனாகக் காட்டாத நினைவை நான் நம்புகிறேன். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வதையும் ஏற்கமாட்டேன். பக்கத்து அறையில் இருப்பவரின் கோப்பு நாளைக் காலையில் ஓடாமல் போகும் என்று தெரிந்தால் எவரும் தயங்குவார்கள். பிறக்கப்போகும் லட்சம் பேருக்கு முகம் இல்லை, அந்தப் பன்னிரண்டு பேருக்கு இருந்தது.

போகிறபோக்கில் ஒன்று. அந்த லெக்ஸை மைக் லெஸ்க்கோடு சேர்ந்து எழுதியவர் எரிக் ஷ்மிட். பின்னாளில் கூகுளின் தலைமைப் பொறுப்பில் இருந்த அதே ஷ்மிட். ஃபெல்ட்மனும் பிறகு கூகுளில் பணியாற்றினார், அதற்கும் பின்னால் ஷ்மிட் தொடங்கிய அமைப்பில் தலைமை அறிவியலாளர் ஆனார். லெக்ஸ் அன்று படுத்தியபாட்டைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதுண்டா என்று கேட்க ஆசைதான். மேக்குக்காக 2003-ல் ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருதும் கிடைத்தது. டேப்போடு சேர்த்தே கொடுத்தார்கள்.

ஃபெல்ட்மன் பக்கம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. அன்று டேப் விசையைத் தட்டினால் கோப்பில் டேப்தான் போய் உட்காரும். இடையில் புகுந்து அதை ஸ்பேஸாக மாற்றுகிற அதிமேதாவி எடிட்டர் கிடையாது. சந்தேகம் வந்தால் எட் எடிட்டரின் 'எல்' கட்டளை டேப்பை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். இன்று வலைப்பக்கத்திலிருந்து நாலு வரியை நகலெடுத்து ஒட்டுகிறோம்; வழியிலேயே டேப் ஸ்பேஸாகிவிடுகிறது. பொறி வைத்தவர் ஒருவர், அதன்மேல் இலைதழையைப் பரப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்தக் கூத்தின் மறுபாதி யாமல் என்ற கோப்பு வடிவம். எடிட்டருக்கு எடிட்டர் டேப் வேறுவிதமாகத் தெரிகிறது என்பதால், உள்தள்ளலுக்கு டேப் கூடவே கூடாது என்று அதன் விதியிலேயே எழுதிவிட்டார்கள். இன்று ஒரு புராஜெக்டைத் திறந்தால் மேக்ஃபைலும் யாமல் கோப்பும் அக்கம்பக்கத்தில் இருக்கும். ஒன்று டேப் இல்லாவிட்டால் ஓடாது, மற்றது டேப் இருந்தால் ஓடாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இதை எந்த முகத்தோடு விளக்குவது?

டேப்பிலிருந்து விடுதலையே இல்லையா என்றால், 2010-ல் வந்துவிட்டது. குனூ மேக் 3.82-ல் ஒரு மாறியைச் சேர்த்தார்கள். அதில் நமக்குப் பிடித்த குறியைக் கொடுத்துவிட்டால், கட்டளை வரிகள் டேப்புக்குப் பதிலாக அந்தக் குறியில் தொடங்கலாம். எளிமையான தீர்வு. பயன்படுத்துகிறவரைக் காண்பதுதான் அரிது. ஒரு காரணம் பழக்கம். இன்னொன்றைத் தேடிப் போனால் ஆப்பிள் கணினிகளில் கொண்டுபோய் விடுகிறது. அந்த 3.82 வெளிவந்தது ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ்; அந்த உரிமம் ஆப்பிளுக்கு ஒத்துவராது. ஆப்பிள் பல ஆண்டுகளாகத் தன் கணினிகளுக்குத் தந்துவரும் மேக்கோ அதற்கு முந்தைய 3.81, 2006-ல் வந்தது. புதுக் குறியை வைத்து எழுதிய மேக்ஃபைலை அதில் ஓட்டினால், அந்த மாறியை ஏதோ பெயர் என்று எண்ணிக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். அடுத்த வரியில் நாம் வைத்த குறியைப் பார்த்ததும் சொல்லும்: மிஸ்ஸிங் செப்பரேட்டர். அதனால் பலர் கூடி வேலை செய்கிற புராஜெக்டுகளில், குழுவில் ஒருவர் ஆப்பிள் கணினி வைத்திருந்தால்கூட, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று டேப்பையே வைத்துவிடுகிறார்கள்.