கைப்பையில் ஒரு பாட்டில்



கப்பல் பயணப் படங்களைப் பார்த்து நலம் விசாரித்த எல்லோருக்கும் நன்றி. கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதிவிட்டேன். ஆனால் மூன்று பேர் (பெயர் சொல்ல மாட்டேன், மூவரும் 1994 பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு) இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சார், தப்பா நினைக்காதீங்க. கப்பலுக்கு நாமளே ஒயின் கொண்டுபோலாமா?"

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் விதி. நாங்கள் போனது மயாமியில் ஏறி, பஹாமாஸ் தீவுகளைப் பார்த்துத் திரும்பும் ஐந்து இரவுப் பயணம். 21 வயது நிறைந்த ஒவ்வொருவரும் 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில் கொண்டுவரலாம். ஏறும் நாளில் மட்டும். சீல் உடைக்காமல். முக்கியமாக, கைப்பையில். பீர், விஸ்கி, பிராந்தி எதற்கும் அனுமதி இல்லை. வழியில் இறங்கும் ஊரில் வாங்கினால், திரும்ப ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போதுதான் தருவார்கள். சொந்த பாட்டிலை அறையில் திறந்தால் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக் கூடத்துக்குக் கொண்டுபோனால் திறந்து ஊற்ற 15 டாலர். அதற்குக் 'கார்க்கேஜ்' என்று பெயர்.

இது எல்லாக் கப்பலுக்கும் பொது இல்லை. எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டு வா, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கட்டு என்கிற நிறுவனமும் உண்டு. ஆகவே உங்கள் சீட்டோடு வரும் விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படியுங்கள். படிக்காமல் பரீட்சைக்குப் போகும் பழக்கம் உங்களில் சிலருக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும்.

இவ்வளவு கெடுபிடி ஏன்? ஒழுக்கத்துக்காக என்று நினைக்க வேண்டாம். எங்கள் கப்பலில் ஒரு கோப்பை ஒயின் 14 டாலர். ஒரு பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. ஆக 70 டாலர். அதன்மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். மொத்தம் 82 டாலர் 60 சென்ட். அதே மாதிரி ஒரு பாட்டிலைக் கடையில் 18 டாலருக்கு வாங்கி, கார்க்கேஜ் 15 டாலர் கொடுத்தாலும் 33-தான். பெரிய கப்பல் நிறுவனங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வருமானம் பயணச்சீட்டிலிருந்து வருவதில்லை. கப்பலுக்குள்ளே நாம் செலவழிப்பது போன்றவற்றிலிருந்துதான் வருகிறது. டிக்கெட் மலிவாக இருப்பதன் ரகசியமும் இதுதான்.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கரையில் கிடைக்காததைக் குடிப்பதற்காகவே அமெரிக்கர்கள் வெளிநாட்டுக் கப்பல்களில் ஏறிப் போனார்கள். வெளிநாட்டுக் கப்பலாக இருந்தாலும் அமெரிக்கக் கடல் எல்லைக்குள் மது இருக்கக் கூடாது, சீல் வைத்துப் பூட்டியிருந்தாலும் கூடாது என்று 1923-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டன் விடவில்லை. அடுத்த ஆண்டே ஓர் ஒப்பந்தம் போட்டு, சீல் வைத்த சரக்கு கப்பலில் இருக்கலாம் என்று அனுமதி வாங்கியது. அன்று குடிப்பதற்காகக் கப்பல் ஏறினார்கள். இன்று அதே கரையில் குடிக்கத் தடையில்லை, கப்பலில் ஏற்றத்தான் அளவு.

மதுவிலக்கு நமக்குப் புதிதா? 1937-இல் ராஜாஜி முதலில் அதைக் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். 1971-இல் கடைகள் திறந்தன, 1974-இல் மூடின, பிறகு மறுபடியும் திறந்தன. அப்போது எங்கள் ஊரில் நடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிறகு 34 வருடம் வகுப்பறையில் பார்த்தேன். காலையில் சாப்பிடாமல் வந்து மதியச் சத்துணவுக்குக் காத்திருந்த பிள்ளைகள், அப்பாவைத் தேடிக் கடை வாசலில் நின்ற பிள்ளைகள். அவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் குடிப்பதில்லை. இந்த வயதில் குடிக்கு வக்காலத்து வாங்கவும் போவதில்லை. அதனால்தான் அடுத்து சொல்லப்போவதைப் பொறுமையாகப் படியுங்கள்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு, மயாமியில் தங்கியிருந்த அறையில் அந்த விதிமுறைகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். இஸ்திரிப் பெட்டி கூடாது, ரைஸ் குக்கர் கூடாது, தீ ஆபத்து. என் வீட்டம்மா, "அப்ப நான் வேற குக்கரக் கொண்டாந்திருப்பேனாக்கும்" என்றார். அடுத்த வரி ஒயின். பெரிய பெட்டிகள் தனியே எக்ஸ்ரேயில் போகும். அதில் பாட்டில் தெரிந்தால் பெட்டி அறைக்கு வராது, நம்மைக் கூப்பிட்டு நம் முன்னாலேயே திறக்கச் சொல்வார்கள்.

இதைப் படித்ததும் மகனும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் அந்தப் பார்வையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

"கண்ணு, பெட்டியில இருந்தா எடுத்துக் கைப்பையில வெச்சுக்கோ" என்றேன்.

அறையில் சத்தமே இல்லை. "ஏனுங்க, என்ன இருக்குது பெட்டியில?" என்றார் வீட்டம்மா. மகன் எழுந்து பெட்டியைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த பாட்டிலை எடுத்தான். மூன்றாம் நாள் அவர்களுக்குப் பதினைந்தாவது திருமண நாள். அதற்காக வாங்கியது.

"உங்க முன்னாடி எப்படிப்பா கையில எடுத்துட்டு வர்றது?" என்றான்.

"உனக்கு நாப்பத்திரண்டு வயசாச்சு. கப்பல்காரனே கையில எடுத்துட்டு வாங்கறான். நான் மட்டும் ஒளிச்சு வைன்னா சொல்லுவேன்?"

மருமகள்தான் மெல்ல வாயைத் திறந்தாள். "மாமா, நீங்க ஊர்லருந்து வர்றீங்கன்னா ஒயின் கிளாஸ் எல்லாத்தையும் அட்டைப்பெட்டியில போட்டு கராஜ்ல வெச்சிருவோம். பன்னெண்டு வருசமா அப்படித்தான்." எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று தைத்தது. ஆறு மாதம் தங்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி எங்களுக்கு நடுவே இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள் இரவு சாப்பாட்டுக் கூடத்துக்கு அந்த பாட்டிலைக் கொண்டுபோனார்கள். பரிமாறுபவர் திறந்து ஊற்றினார். பதினைந்து டாலர் கணக்கில் ஏறியது. எனக்கும் வீட்டம்மாவுக்கும் எலுமிச்சை ஜூஸ். மகன் முதலில் கோப்பையை என் பக்கம் படாமல் தள்ளி வைத்தான். கொஞ்ச நேரத்தில் அதை மறந்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். வேலை போய்விடுமோ என்று போன வருடம் நான்கு மாதம் தூங்காமல் இருந்ததைச் சொன்னான். அன்றுதான் எனக்குத் தெரியும். போனில் வாராவாரம் பேசுகிறவன்தான், "எல்லாம் நல்லாருக்குப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சாப்பாடு முடிந்தபோது பாட்டிலில் பாதிக்கு மேல் மிச்சம். அதை மூடி, அறை எண்ணை ஒட்டி, மறுநாள் தருகிறோம் என்று எடுத்து வைத்தார்கள். ஒளித்துக் குடிக்கிறவன் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை. யாராவது வருவதற்குள் முடிக்க வேண்டுமே. எல்லோர் கண்ணெதிரே மேசையில் இருக்கிற பாட்டிலுக்கு அளவு தானாக வந்துவிடுகிறது.

ஆகவே பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு என் பதில்: கொண்டுபோகலாம். விதியைப் படியுங்கள், சீல் உடைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கடத்துகிற வேலையெல்லாம் வேண்டாம். நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய், பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டாம். குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள். எலுமிச்சை ஜூஸும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறது. அப்பா அம்மா உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டில் ஏதாவது அட்டைப்பெட்டி இருந்தால், அதை இந்த வருடம் இறக்கி வைத்துவிடுங்கள். வயதானவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் கெட்டி.

எல்லோரும் நலமாக இருங்கள். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வந்துவிட்டுப் போங்கள்.