ஏற்றினால் போதுமா?



போன மாதம் எனக்குச் சிறுநீரகக் கல் எடுத்ததைக் கேள்விப்பட்டுப் பலரும் போன் செய்தீர்கள். நலமாக இருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல் 9 மில்லிமீட்டர். லேசரால் உடைக்கலாம் என்றார் டாக்டர். வலி தாங்காத அவசரத்தில், "மெஷின்ல பவரை முழுசா ஏத்தி ஒரே அடியில முடிச்சிடுங்க சார்" என்றேன். அவர் சிரித்தார். "ஏத்தினா உடையும் ஐயா. ஆனா உதையும் சேர்ந்து விழும். கல்லு பின்னால ஓடிடும். அப்புறம் அதைத் துரத்திக்கிட்டே இருக்கணும்" என்றார்.

அந்தப் பதில் மனதிலேயே நின்றது. வீட்டுக்கு வந்ததும், லேசர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் நம் பள்ளி மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன். நான் நடத்திய பாடம் 'ஒளி நேர்கோட்டில் செல்லும்' என்பதோடு சரி. மீதியை அவன் எனக்கு நடத்தினான்.

கல்லுக்குப் பயன்படுத்தியது ஹோல்மியம் லேசர். அதன் அலைநீளம் 2.1 மைக்ரோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைப்போல் மூன்று மடங்கு. அதனால் அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் அதை அரை மில்லிமீட்டருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே, சுற்றியுள்ள சதைக்கு ஆழமாகப் போகாது.

ஒரு துடிப்பில் சுமார் 1 ஜூல். அதாவது 100 கிராம் எடையை 1 மீட்டர் தூக்கும் வேலை, அவ்வளவுதான். ஆனால் அது விநாடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்து விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தக் கணத்துக்கு 3,000 வாட்!

"துடிப்பின் ஆற்றலைக் கூட்டணும்னா விளக்கைப் பிரகாசமாக்கினால் போதாதாப்பா?" என்று கேட்டேன்.

"ஓரளவுக்குத்தான் சார். உள்ளே இருக்கிற படிகத் தண்டில் குரோமியம், துலியம், ஹோல்மியம் மூணும் கலந்திருக்கும். விளக்கு வெளிச்சத்தைக் குரோமியம் வாங்கித் துலியத்துக்குக் கொடுக்கும். துலியம் ஹோல்மியத்துக்குக் கொடுக்கும். ரிலே ஓட்டம் மாதிரி. கொடுத்ததெல்லாம் ஒளியா வெளியே வராது. பெரும்பகுதி சூடா தண்டிலேயே தங்கிடும். சூடு ஏறினா ஹோல்மியத்தோட கீழ்ப்படியில அணுக்கள் கூடிடும். அதுங்க, பிறக்கிற லேசர் ஒளியையே விழுங்க ஆரம்பிச்சிடும். தண்டும் லென்ஸ் மாதிரி ஆகி ஒளியைக் கெடுக்கும். அதனால திணிக்கிறதை விடக் குளிர வைக்கிறதுதான் பெரிய வேலை. பெரிய மெஷின்கள்ல ஒரே தண்டை வதைக்காம, சில தண்டுகளை முறைபோட்டு வேலை வாங்குவாங்க. ஒண்ணு வேலை செய்யும்போது மத்தது ஆறும்."

போனை வைத்த பிறகு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் காலத்தில் 'அடியாத மாடு படியாது' என்றுதான் நம்பினோம். பெற்றோரும் "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிங்க சார்" என்றுதான் விட்டுச் செல்வார்கள். ஆறாம் வகுப்பில் ஒரு பையனுக்கு வகுத்தல் வரவில்லை. இரண்டு அடி கொடுத்தேன், வரவில்லை. நாலு கொடுத்தேன். பயத்தில் அவனுக்குத் தெரிந்த வாய்ப்பாடும் மறந்துபோனது. சூடு ஏறிய தண்டைப்போல, கொடுக்கக் கொடுக்க உள்ளேயே அடங்கிவிட்டான். அவன் ஆற நான் நேரமே கொடுக்கவில்லை. ஒருநாள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. ஏதோ கடைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

என் கல்லை டாக்டர் குறைந்த ஆற்றலில், நிறையத் துடிப்புகளாக, பொறுமையாகத் தூளாக்கி எடுத்தார். ஒரு கல்லுக்குக் கிடைத்த பொறுமை என்னிடம் அந்தப் பையனுக்குக் கிடைக்கவில்லை.

அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் என் நம்பரைக் கொடுங்கள். அவனுக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: பிள்ளை தடுமாறும்போது முதலில் ஆறவிடுங்கள்.

எல்லோரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்