முதல் போர்க்கப்பல்: எதைக் கட்டுவது?

பிப்ரவரி 3

டாலஸ் பக்கத்துக் குளம் ஒன்றில் இன்று கப்பல் சண்டை. 1970-களின் கடைசியில் இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே இந்த டெக்சாஸில்தான். 144-இல் ஒரு பங்கு அளவில் கட்டிய போர்க்கப்பல்கள்; கையில் ரிமோட்; கரியமில வாயு அழுத்தத்தில் பாயும் 4.5 மில்லிமீட்டர் குண்டுகள். கப்பலின் பக்கவாட்டுத் தோல் 0.8 மில்லிமீட்டர் பால்சா மரத் தகடு மட்டுமே. குண்டு பட்டால் ஓட்டைதான், ஓட்டை விழுந்தால் தண்ணீர்தான். உள்ளே பம்ப் உண்டு. ஆனால் இறைத்த நீர் வெளியேற விதி அனுமதிக்கும் துளை அரைக்கால் அங்குலம். ஓட்டைகள் பெருகினால் அந்தப் பம்ப் தாக்குப்பிடிக்காது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வேடிக்கை பார்க்கக்கூட யாரையும் கரையில் விடுவதில்லை. மிகச் சரி.

ஒரு கப்பல் ஒருக்களித்து மூழ்கியது. நூலில் கட்டிய மிதவை மட்டும் மேலே வந்து நின்றது. சொந்தக்காரர் இடுப்பளவு நீரில் இறங்கித் தூக்கி வந்தார். நீர் வடிந்ததும் ஓட்டைகளை எண்ணினார்கள்: நீர்க்கோட்டுக்கு மேலே இருந்தால் 10 புள்ளி, கோட்டில் 25, கீழே 50. பிறகு தோலை உலர்த்தி, ஒட்டுப்போட்டு, அடுத்த சண்டைக்கு மறுபடி இறக்கிவிட்டார்.

எனக்கும் ஒன்று வேண்டும். முடிவு செய்துவிட்டேன்.

பிப்ரவரி 5

எதைக் கட்டுவது? மனம் முதலில் ஓடுவது பெரிய பெயர்களிடம்தான். இரவு முழுக்கக் கணக்குப் போட்டேன். ஐயோவா 270 மீட்டர், மாதிரி 1.88 மீட்டர், என்னைவிட உயரம். யமாட்டோ 1.83 மீட்டர். எடை இன்னும் மிரட்டுகிறது: நீளத்தை 144-ஆல் வகுத்தால் எடையை அதன் முப்படியால், ஏறக்குறைய 30 லட்சத்தால், வகுக்க வேண்டும். அப்படியும் யமாட்டோ 24 கிலோ வருகிறது. வழுக்கும் குளக்கரையில் ஒற்றை ஆளாகத் தூக்குகிற சமாச்சாரம் இல்லை.

தூக்குவதற்கு ஆள் கிடைக்கலாம். திரும்புவதற்கு இடம் கிடைக்காது. அன்று பார்த்த சண்டையில் நீளமான கப்பல் அரைவட்டம் போட்டு முடிப்பதற்குள் இரண்டு சின்னக் கப்பல்கள் அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுட்டன.

பிப்ரவரி 9

சென்னையிலிருந்து அப்பா பேசினார். விஷயத்தைச் சொன்னதும், "எம்டனைக் கட்டேன்டா" என்றார். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பல். அப்பாவின் தாத்தா அந்த வெளிச்சத்தைப் பார்த்தவராம். "யோசிக்கிறேம்ப்பா" என்றேன்.

உண்மையாகவே யோசித்தேன். 118 மீட்டர் கப்பல். மாதிரி 82 சென்டிமீட்டர். முழுச் சுமையோடு சுமார் 4,270 டன் என்றால் மாதிரி ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. அதற்குள் பேட்டரி, மோட்டார், வாயுக் குப்பி, பம்ப், பீரங்கி எல்லாம் அடங்க வேண்டும். கைதேர்ந்தவர்கள் அடக்கிவிடுவார்கள். முதல் கப்பல் கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு கிராமும் தலைவலி. அசல் கப்பலின் அளவை வைத்தே பீரங்கிகளை விதிப்புத்தகம் அளந்து தருவதால், எம்டனுக்குக் கிடைப்பதும் சொற்பம். ஆசைக்கு ஒன்று பின்னால் கட்டலாம், அப்பாவுக்காக.

பிப்ரவரி 16

சங்கத்தின் மூத்தவர் ஒருவர் தன் பழைய கப்பலை என்னிடம் ஓட்டக் கொடுத்தார். உள்ளே காட்டினார்: ஃபைபர்கிளாஸ் உடம்பில் பக்கவாட்டை ஜன்னல்போல வெட்டி, விலா எலும்புகளை மட்டும் விட்டிருக்கிறார்கள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு அங்குல இடைவெளி, அதன்மேல் பால்சா. எலும்பு அகலமானால் குண்டு நுழைய இடம் குறையும் என்பதால் அதற்கும் அளவு வைத்திருக்கிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம்: பீரங்கியை எண்ணாதே, அகலத்தையும் சுக்கானையும் பார். உள்ளே புகுந்த நீர் ஒரு பக்கமாகச் சாயும்போது ஒடுங்கிய கப்பல் கவிழ்ந்துவிடும்; அகலமானது இன்னும் கொஞ்ச நேரம் நின்று சுடும். அந்தக் கொஞ்ச நேரம் முக்கியம். குண்டு தீர்ந்தவன் போதும் என்று அறிவித்த பிறகும் ஐந்து நிமிடம் குளத்தில் தாக்குப்பிடித்தாக வேண்டும். பெரும்பாலானோர் மூழ்குவது அந்த ஐந்து நிமிடத்தில்தானாம்.

பிப்ரவரி 22

இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறேன்: பிரிட்டனின் இன்வின்சிபிள், ஜெர்மனியின் ஃபான் டெர் டான். நீளம் ஏறக்குறைய ஒன்றுதான், மாதிரியில் 1.2 மீட்டர். அகலத்தில் ஜெர்மன் கப்பல் 26.6 மீட்டர், பிரிட்டிஷ் கப்பல் 24-க்குள். மாதிரியில் இரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, ஆனால் சாயும் கப்பலுக்கு அதுதான் உயிர். ஃபான் டெர் டானுக்கு இரட்டைச் சுக்கான் வேறு.

1916 மே 31, ஜட்லண்ட் சண்டை. இன்வின்சிபிள் வெடித்துப் பிளந்தது. ஆயிரத்துச் சொச்சம் பேரில் பிழைத்தவர்கள் ஆறு பேர். அதே நாளில் பிரிட்டனின் இண்டிஃபாடிகபிள் கப்பலை மூழ்கடித்த ஃபான் டெர் டான், பிறகு தன் பெரிய பீரங்கிகள் எல்லாமே செயலிழந்தும் வரிசையை விட்டு விலகவில்லை. எதிரியின் குண்டுகள் மற்றக் கப்பல்கள்மேல் குவியாதிருக்க அங்கேயே நின்றது. இதைப் படித்தபின் கை வேறு பெயரை எழுத மறுக்கிறது.

பிப்ரவரி 23

ஃபான் டெர் டானின் ஃபைபர்கிளாஸ் உடம்புக்குப் பணம் கட்டியாயிற்று. மிதக்கும் எடை ஆறரைக் கிலோ: பேட்டரியும் குப்பியும் பீரங்கிகளும் நெருக்கடி இல்லாமல் உட்காரும், ஒற்றை ஆளாகத் தூக்கலாம், கார் டிக்கியிலும் அடங்கும். முதல் கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமானது என் பட்டியலில் இல்லை.